ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் (அக்டோபர் 6, 1846 - மார்ச் 12, 1914) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். ஏர் பிரேக் என்று பரவலாக அறியப்படும் காற்றுத் தடுப்பைத் தொடர்வண்டிகளுக்காக உருவாக்கியவர் இவரே. அழுத்திய காற்றால் எந்திரங்களை இயக்கும் காற்றியக்க முறை பரவுவதற்கு இவரது பணி பெரிதும் துணைபுரிந்தது.

இளமைக் காலம்

இவர் நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை வேளாண் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். எந்திரத் தொழிலை இவர் அங்கேயே கற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தரைப்படையிலும் பின்னர் கடற்படையிலும் பணியாற்றினார். 1865 இல் சுழல் நீராவிப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். யூனியன் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகினார். 1867 இல் மார்கரீட் எர்ஸ்கின் வாக்கரை மணந்தார்.

காற்றுத் தடுப்பு

அக்காலத்தில் தொடர்வண்டியை நிறுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. ஓட்டுநர் ஊதல் எழுப்பியதும், பிரேக்மேன் எனப்பட்ட தொழிலாளர்கள் ஓடும் சரக்குப் பெட்டிகளின் கூரைமீது ஏறிச் சென்று, தடுப்புச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருகினர். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து மாண்டோர் பலர்.

இதற்கு மாற்றாக நீராவியைப் பயன்படுத்த வெஸ்டிங்ஹவுஸ் முதலில் எண்ணினார். ஆனால் நீண்ட குழாயில் செல்லும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். அந்நாளில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையைக் குடைந்தவர்கள், குழாய்வழி அனுப்பிய அழுத்தக் காற்றால் பாறை துளைக்கும் கருவிகளை இயக்கினர். இச்செய்தியைப் படித்த இவர் காற்றைத் தேர்ந்தெடுத்தார். 1869 ஏப்ரலில் காப்புரிமை பெற்று, அவ்வாண்டே பிட்ஸ்பர்க் நகரில் நிறுவனம் தொடங்கினார்.

இயங்கும் முறை

காற்றியக்க அமைப்பின் அடிப்படை உறுப்புகள் நான்கு. கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது. தொட்டி அதனைச் சேமிக்கிறது. வால்வு அதன் போக்கைக் கட்டுப்படுத்துகிறது. சிலிண்டரில் உள்ள பிஸ்டன் காற்றின் அழுத்தத்தை விசையாக மாற்றுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தமுள்ள காற்று, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை ஏறத்தாழ 390 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் தள்ளும். அழுத்தும்போது பிரியும் ஈரத்தை வடித்து நீக்குவதும் இன்றியமையாதது.

தானியங்கித் தடுப்பு

முதல் அமைப்பில் பெருங்குறை ஒன்று இருந்தது. எஞ்சினிலிருந்து காற்று சென்றால்தான் தடுப்பு இயங்கும் என்பதால், குழாய் அறுந்தால் வண்டியை நிறுத்த வழியில்லை. 1872 இல் வெஸ்டிங்ஹவுஸ் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தொட்டியும் ட்ரிபிள் வால்வும் பொருத்தினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தடுப்பு தளர்ந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் தொட்டியின் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். ஆகவே குழாய் அறுந்தாலும் பெட்டிகள் கழன்றாலும் வண்டி தானே நின்றுவிடும்.

நீண்ட சரக்கு வண்டிகளில் பின்பெட்டிகளுக்குத் தடுப்பு தாமதமாகச் சென்றதால் கடும் அதிர்ச்சி ஏற்பட்டது. 1887 இல் விரைந்து செயல்படும் வால்வை அமைத்து இதனைச் சரிசெய்தார். 1893 இல் அமெரிக்கச் சட்டம் தொடர்வண்டிகளில் இவ்வகைத் தடுப்பைக் கட்டாயமாக்கியது.

பிற பணிகள்

நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பெற்று மாறுதிசை மின்னோட்டத்தைப் பரப்பினார். 1907 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் தம் மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். 360க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இவர் பெயரில் உள்ளன. 1914 இல் நியூயார்க் நகரில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவில் பயன்பாடு

இந்திய இரயில்வேயில் நெடுங்காலம் வெற்றிடத் தடுப்பே பயன்பட்டது. 1980களிலிருந்து காற்றுத் தடுப்பு படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டம் காற்றியக்கப் பயன்பாட்டுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளில் அழுத்தக் காற்றே பாறையை உடைக்கும் சுத்தியலை இயக்கி, பாறைத் தூளையும் வெளியேற்றுகிறது. பெரக்கரை நாடு உள்ளிட்ட ஊராட்சிகளைக் கொண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய மலைச்சாலைகளில் செல்லும் பேருந்துகளையும் லாரிகளையும் நிறுத்துவது காற்றுத் தடுப்பே. பல கனரக ஊர்திகளில் காற்று வெளியேறிவிட்டால் சுருள்வில் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று இழப்பே வண்டியை நிறுத்த வேண்டும் என்ற 1872 ஆம் ஆண்டின் கருத்து இன்றும் இவ்வாறு பயன்பட்டு வருகிறது.