காத்திருப்பும் சிகிச்சையே: மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸின் வாழ்க்கை

அழகுசார் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நீங்கள் வீடு திரும்பியிருக்கலாம். அல்லது அவ்வாறு திரும்பிய ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கலாம். கட்டுப் பிரித்த முதல் சில நாள்களில் முகம் வீங்கியும் கண்ணடி நீலம் பாரித்தும் காணப்படும். எதிர்பார்த்த வடிவம் எங்கும் தென்படாது. மருத்துவரோ பொறுத்திருங்கள் என்று மட்டும் கூறி அனுப்பியிருப்பார். அந்தச் சொல் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லப்படுவதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சிதைந்த முகங்களைச் சீரமைத்த ஒரு மருத்துவர் பெரும் இழப்புகளின் வழியே கற்றுக்கொண்ட பாடம் அது. நவீன ஒட்டறுவை சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் சர் ஹெரால்ட் கில்லீஸே அவர்.

கில்லீஸ் 1882 ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தார். சிறுவயதில் முழங்கை முறிந்து, பின்னர் அது முழுமையாக அசையாமலேயே நின்றுவிட்டது. அந்தக் கையோடுதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் படகுப் போட்டியில் துடுப்பு வலித்தார், கோல்ஃப் ஆட்டத்தில் பெயர் பெற்றார், அறுவை மருத்துவரும் ஆனார். லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பயின்று, காது மூக்கு தொண்டைப் பிரிவில் தேர்ச்சி பெற்றார். முதல் உலகப்போர் வராதிருந்தால் அந்தத் துறையிலேயே அவர் வாழ்க்கை முடிந்திருக்கக்கூடும்.

1915 இல் போர்க்களப் பணிக்காகப் பிரான்சு சென்றார். பதுங்குகுழிப் போரில் உடல் மண்ணுக்குள் மறைந்திருக்கும். தலை மட்டும் வெளியே தெரியும். ஆதலால் தாடை, மூக்கு, கன்னம் சிதைந்த வீரர்கள் ஏராளமாக வந்தனர். அங்கே வலாடியே என்னும் பல் மருத்துவர் உடைந்த தாடைகளைச் சீரமைப்பதைக் கண்டார். பின்னர் பாரிசில் மோரெஸ்தான் என்னும் அறுவை மருத்துவர், முகத்தில் ஏற்பட்ட பள்ளத்தை அருகிலிருந்த தோலைத் திருப்பி மூடுவதைப் பார்த்தார். அக்காட்சி அவரை ஆட்கொண்டது. நாடு திரும்பியதும், முகக் காயங்களுக்கெனத் தனிப்பிரிவு வேண்டுமென்று அதிகாரிகளிடம் வற்புறுத்தி, 1916 தொடக்கத்தில் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் அதனைப் பெற்றார். காயமுற்றோர் தம்மிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகத் தம் சொந்தப் பணத்தில் முகவரிச் சீட்டுகள் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பினார். அவ்வாண்டு சோம் போர் மூண்டபோது 200 பேரை எதிர்பார்த்தனர். ஏறத்தாழ 2,000 பேர் வந்தனர்.

அதுவரை வழக்கத்தில் இருந்த முறை எளிது: காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தையல் ஆறும்; ஆனால் ஆறிய தழும்பு சுருங்கும்போது வாயோரத்தையும் இமையையும் தன்பக்கம் இழுத்துவிடும். கில்லீஸ் அத்தகைய முகங்களில் பழைய தையலைத் திறந்து, எஞ்சியிருக்கும் உறுப்புகளை முதலில் அவற்றிற்குரிய இடத்தில் வைத்து, உண்மையில் எவ்வளவு தோலும் எலும்பும் குறைகிறது என்று அளந்த பிறகே சீரமைப்பைத் தொடங்கினார். தழும்பு சுருங்கும் இயல்புடையது என்பதை நீங்களும் நினைவில் வைத்திருங்கள். முதல் சில மாதங்களில் அது சிவந்து, தடித்து, அரிப்புடன் இருக்கும். பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வெளுத்து மென்மையாகும். அதுவரை வெயில் படாமல் காப்பதும், மருத்துவர் சொன்ன பின்னரே களிம்போ சிலிக்கோன் பூச்சோ தடவுவதும், சொன்ன முறையில் நீவிவிடுவதும் உங்கள் பங்கு. வீட்டிலுள்ள பெரியவர்கள் அன்போடு கொண்டுவரும் மஞ்சளையும் எண்ணெயையும் ஆறாத தையல்மீது தடவ வேண்டா.

1917 இல் லண்டனுக்கு அருகே சிட்கப் என்னும் ஊரில் முகக் காயங்களுக்கென்றே குவீன்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1925 வரை அங்கு 5,000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரே அறுவையோடு வீடு சென்றவர்கள் சிலரே. பலர் ஓர் அறுவை ஆறும்வரை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருந்து, அடுத்ததற்குச் சென்றனர். இன்னொரு நாளுக்கு நியாயமாகத் தள்ளிவைக்கக்கூடிய எதையும் இன்றே செய்யலாகாது என்பது கில்லீஸின் நெறியாயிற்று. சோம்பலால் எழுந்த நெறியன்று அது. அது எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

காத்திருந்தவர்கள் கட்டிலில் முடங்கிக் கிடக்கவில்லை. பொம்மை செய்தல் முதலிய கைத்தொழில்கள் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன. ஆனால் மருத்துவமனைக் கூடங்களில் கண்ணாடிகள் வைக்கப்படவில்லை. ஊருக்குச் செல்லும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசப்பட்டிருந்தது. அவற்றில் அமர்ந்திருப்பவரின் முகம் கண்டு திடுக்கிட வேண்டா என ஊராருக்கு அது முன்னறிவிப்பு. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். எனினும், ஒரு மனிதரைத் தனி நிற இருக்கையில் அமர்த்தும்போது அவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

கண்ணாடியை ஒளித்துவைப்பதை இன்று எவரும் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் முதல் இரண்டு வாரங்களில் மணிக்கொருமுறை கண்ணாடி பார்ப்பதால் பயன் ஏதுமில்லை. வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள்களில் கூடும். பிறகுதான் வடியத் தொடங்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. மூக்கறுவையில் பெரும்பகுதி வீக்கம் சில வாரங்களில் குறைந்தாலும், நுனியின் இறுதி வடிவம் தெளிய ஓராண்டு வரை ஆகலாம். அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ காரணமின்றி அழுகை வருவதும், செய்தது தவறோ என்று தோன்றுவதும் பலருக்கு நேர்கிறது. பராமரிப்பவர்களே, அந்நாள்களில் உங்கள் முகமே அவர்களுக்குக் கண்ணாடி. நன்றாக இருக்கிறது என்று பொய்யாகப் புகழவும் வேண்டா, முன்பே நன்றாக இருந்ததே என்று வருந்தவும் வேண்டா. வீக்கம் நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா, கட்டு நனையாமல் இருக்கிறதா என்பன போன்ற கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உறக்கமும் உணவும் கெட்டாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். உயிர்மீது வெறுப்பு தோன்றினால் ஒருநாளும் காத்திருக்க வேண்டா.

இனி, கில்லீஸின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்புக்கு வருவோம். ஜட்லாந்து கடற்போரில் முகம் முழுதும் வெந்துபோன வில்லி விக்கரேஜ் என்னும் மாலுமிக்கு, 1917 அக்டோபரில் அவர் அறுவை செய்துகொண்டிருந்தார். மார்பிலிருந்து உயர்த்திய தோல் மடலின் ஓரங்கள் தாமாகவே உட்புறம் சுருள்வதைக் கவனித்தார். அவ்வோரங்களை ஒன்றோடொன்று தைத்தால் மடல் ஒரு குழாயாகிவிடுமே என்ற எண்ணம் உதித்தது. தைத்தார். உள்ளிருக்கும் சதை வெளிக்காற்றுக்கும் கிருமிக்கும் படாமல் காக்கப்பட்டது. இரத்த ஓட்டமும் தடைப்படவில்லை. ஒடெசா நகரில் ஃபிலத்தோவ் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இம்முறையைத் தனியே கண்டறிந்திருந்தார். நெற்றித்தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் கலை இந்தியாவில் நெடுங்காலம் வழங்கியது என்பதையும், புனே நகரில் நடந்த அத்தகைய அறுவை ஒன்றைப் பற்றி 1794 இல் லண்டன் இதழொன்றில் வெளியான செய்தியே ஐரோப்பிய மருத்துவர்களை இத்துறையின்பால் ஈர்த்தது என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும்.

இம்முறைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றுதான்: இடம்பெயர்ந்த தோலுக்கு இரத்தம் சென்று சேர வேண்டும். வடிவமெல்லாம் அதற்கு அடுத்ததே. உங்கள் அறுவை சிறியதாயினும் பெரியதாயினும் இது பொருந்தும். இதனால்தான் புகைப்பிடித்தலை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் அறவே விலக்கச் சொல்கிறோம். நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தையலோரத் தோலை அழுகச் செய்யும். பீடி, மெல்லும் புகையிலை, மின்சிகரெட்டு எதுவும் இதற்கு விலக்கன்று. இறுக்க ஆடையைச் சொன்ன அளவுக்கு மேல் இறுக்குவதும் இதே தீங்கைத் தரும். உணர்ச்சி மரத்திருக்கும் தோலில் பனிக்கட்டியை நேரடியாக வைத்தாலோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ புண்படுவது உங்களுக்கே தெரியாது. முக அறுவையாயின் தலையை உயர்த்திப் படுங்கள். குனிந்து பாரம் தூக்காதீர்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளவோ நிறுத்தவோ வேண்டா.

காத்திருக்கும் நெறி பிறந்த கதை துயரமானது. ஹென்றி லம்லி என்னும் இளம் விமானி 1916 இல் விமான விபத்தில் முகம் கருகினார். சிட்கப் வந்து சேர்ந்தபோது உடலும் உள்ளமும் தளர்ந்திருந்தார். 1918 பிப்ரவரியில், மார்பிலிருந்து ஒரு பெரிய தோல் மடலை எடுத்து முகம் முழுவதையும் ஒரே முறையில் மூட கில்லீஸ் முனைந்தார். மெலிந்த அவ்வுடல் அதனைத் தாங்கவில்லை. மடல் அழுகியது, எடுத்த இடத்திலும் கிருமி தொற்றியது. அடுத்த மாதம் லம்லி இறந்தார். கில்லீஸ் அதனை மறைக்கவில்லை. படிப்படியாகச் செய்திருக்க வேண்டியதை ஒரேயடியாகச் செய்ததன் விளைவு என்று அவரே உணர்ந்தார். அதன்பின், நோயாளியின் உடல் தேறும்வரை அடுத்த கட்டத்திற்குச் செல்லாமை அவருக்கு உறுதியான வழக்கமாயிற்று.

மாலுமியும் விமானியும் அடைந்த காயம் வேறு, நீங்கள் விரும்பிச் செய்துகொண்ட அறுவை வேறு என்று நினைக்கலாம். தோலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரே நாளில் பல அறுவைகளைச் சேர்த்துச் செய்யக் கேட்பதும், வீக்கம் வடியுமுன்பே திருத்த அறுவை வேண்டுமெனக் கேட்பதும் இடர் மிகுந்தவை. மூக்கறுவைக்குப் பின் திருத்தம் தேவைப்பட்டால் பொதுவாக ஓராண்டேனும் காத்திருக்கச் சொல்வார்கள்.

ஆனால் காத்திருக்கலாகாத நிலைகளும் உண்டு. ஒருபக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுதல், நிற்காத இரத்தக்கசிவு, தோல் கருத்தோ வெளிறியோ குளிர்ந்தோ போதல், காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், மருந்துக்கு அடங்காமல் கூடிவரும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனையை அணுகுங்கள். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டா. கொழுப்பு நீக்கம், வயிற்றுத்தோல் சீரமைப்பு செய்துகொண்டவர்களை அனுமதி கிடைத்தவுடன் வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக நடக்க வையுங்கள்.

போர் முடிந்தபின் கில்லீஸ் அழகுசார் அறுவைக்கும் தம் கையைத் தந்தார். மருத்துவ உலகில் பலர் அதனை இழிவாகக் கருதிய காலம் அது. அவர் அவ்வாறு கருதவில்லை. சீரமைப்பு அறுவை ஒருவரை இயல்பு நிலைக்கு மீட்பது, அழகுசார் அறுவை இயல்பையும் விஞ்ச முயல்வது என்று அவர் பிரித்தறிந்தார். இரண்டாவதில் எதிர்பார்ப்பு பெரிது. ஆதலால் ஏமாற்றமும் பெரிதாகக்கூடும். 1930 இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ அவரிடம் பயின்று, இரண்டாம் உலகப்போரில் வெந்த விமானிகளுக்கு வாழ்வளித்தார். கில்லீஸ் அப்போரின்போது பேசிங்ஸ்டோக் அருகே ரூக்ஸ்டவுன் இல்லத்தில் பணியாற்றினார். 1946 இல் பிரிட்டன் ஒட்டறுவை மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவரானார். 1957 இல் ரால்ஃப் மில்லார்டுடன் இணைந்து தம் அனுபவங்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

1960 ஆகஸ்டு மாதத்தில், 18 வயதுப் பெண்ணொருத்தியின் காலைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மூளையில் இரத்தம் உறைந்தது. செப்டம்பர் 10 அன்று, தம் 78 ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

சிட்கப்பில் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக்கோப்பு வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. மருத்துவராயிருந்து ஓவியரான ஹென்றி டாங்க்ஸ், அறுவைக்கு முன்னும் பின்னும் அம்முகங்களை வண்ணக்கோல்களால் தீட்டினார். அக்கோப்புகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நீங்களும் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து, அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.