குப்பையில் எழுந்த கோபுரங்கள்

கலைஞன் என்றால் கலைக்கூடத்தில் பயின்றவன், கல்லும் உளியும் கைக்கொண்டவன் என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் சைமன் ரோடியா. கொத்தனாரின் மகனாகிய எனக்கு அவர் வாழ்க்கை அயலார் ஒருவரின் வாழ்க்கையாகத் தோன்றவில்லை.

1879ஆம் ஆண்டு இத்தாலியில் ரிபோட்டோலி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பிழைப்பு நாடி அமெரிக்கா சென்றார். உடன் உழைத்த அண்ணனைப் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கம் பலிகொண்டது. பின்னர் கூலி வேலை செய்து காலம் தள்ளினார்.

1921இல் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய வாட்ஸில் முக்கோண வடிவான சிறு மனை ஒன்றை வாங்கினார். பகலில் கட்டட வேலை. ஓய்ந்த நேரமெல்லாம் தம் மனையில் வேலை. இரும்பை அருகிலிருந்த தண்டவாளத்தில் கொடுத்து வளைத்தார். கம்பிவலை சுற்றிச் சிமெண்டு பூசினார். அதன்மேல் உடைந்த பீங்கான், ஓட்டுத்துண்டு, பாட்டில் கண்ணாடி, கிளிஞ்சல் முதலியவற்றைப் பதித்தார். ஊரார் எறிந்தவையே அவருக்கு மாணிக்கமும் மரகதமும்!

சாரம் இல்லை, பற்றவைப்பு இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. இடுப்பில் பட்டை கட்டி, தாம் கட்டியதன் மீதே கால் வைத்து ஏறினார். இதை என் தந்தையாரிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. படத்தைக் கண்டபின் நெடுநேரம் பேசவில்லை.

33 ஆண்டுகள் உழைத்து 17 அமைப்புகளை எழுப்பினார். மிக உயர்ந்த கோபுரம் ஏறத்தாழ 99 அடி! வந்தேறியான அவர் அதற்கு இட்ட ஸ்பானியப் பெயரின் பொருள் 'நம் ஊர்' என்பதாகும். 1954இல் பணி முடிந்தது. பின்னர் மனையை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு மார்ட்டினெஸ் நகருக்குப் போய்விட்டார். மீண்டும் திரும்பவேயில்லை.

கோபுரங்கள் ஆபத்தானவை, இடித்துத் தள்ளுக என்றது நகர நிர்வாகம். கலை அன்பர்கள் எதிர்த்து நின்றனர். 1959இல் சோதனை நடந்தது. 10,000 பவுண்டு விசையில் இழுத்தும் கோபுரம் சாயவில்லை; பழுதுபட்டது இழுத்த இயந்திரமே! இடிக்கும் ஆணை ஒழிந்தது.

1965 ஜூலையில் ரோடியா மறைந்தார். அடுத்த மாதமே வாட்ஸில் பெருங்கலவரம் மூண்டது. கட்டடங்கள் பல எரிந்தன. கோபுரங்களோ தீங்கின்றி நின்றன. 1990இல் அவை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

நண்பர்களே! என் தந்தையார் கட்டிய எந்த வீட்டிலும் அவர் பெயர் இல்லை. அதை எண்ணி நான் நாணியதுண்டு. இன்று நாணவில்லை. கரணை பிடித்த கையும் காவியம் படைக்கும் என்பதற்கு வாட்ஸ் கோபுரங்களே சான்று.