தேவனாம்பட்டினத்தில் கண்மூடிய கணித மேதை பெஞ்சமின் ராபின்ஸ்

கடலூர், பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய கரையோர ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நம்மிடையே பலர் உளர். அந்தக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், உலகப் புகழ்பெற்ற ஒரு கணித மேதை தம் இறுதி மூச்சை விட்டார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தியாகும்.

அவர் வாழ்வைச் சொல்லுமுன் அந்த ஊரின் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1690-ஆம் ஆண்டு, செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கிற்று. கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் வரையுள்ள நிலமும் கிரயத்தில் சேர்ந்தது என்பது பேச்சு. கும்பெனியார் பீரங்கியைக் கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டனர். குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களெல்லாம் அவர்களுக்கு உரியவாயின. அவற்றிற்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. நிலத்தை அளந்தது கோலுமன்று, கயிறுமன்று, குண்டு! ஒரு குண்டு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி, அங்கே குடியிருந்தவர்களின் தலைவிதியையே மாற்றிவிட்டது.

அக்கேள்விக்கு முறையான விடை கண்டவரே பெஞ்சமின் ராபின்ஸ். அன்னார் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலேயே கணிதம் கற்றார். லண்டன் சென்று பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். இருபது வயதளவிலேயே, 1727-இல், ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

எறிபொருளைப் பற்றிய ஆராய்ச்சி அவருக்கு வெகுகாலம் முன்னரே தொடங்கியதுதான். எறியப்பட்ட பொருளுக்குள் ஓர் உந்துதல் புகுகிறது, தடை இல்லையேல் அது தானாக ஓயாது என்று நம் இப்னு சீனா அவர்கள் 11-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்கள். 1638-இல் இத்தாலியரான கலிலியோ ஒரு வழி காட்டினார். குண்டின் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கணக்கிடு என்பது அவ்வழி. முன்னோக்கிய ஓட்டம் மாறாத வேகமுடையது. மேல்நோக்கிய ஓட்டமோ நொடிக்கு நொடி பூமியின் இழுப்பால் குறைந்து, பின் கீழ்நோக்கித் திரும்பும்.

இன்று ஆறாம் படிவத்தில் நம் பிள்ளைகள் செய்யும் கணக்கும் இதுவே. ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சரிவில் எறிந்தால், மேல்நோக்கிய வேகம் 14.1 மீட்டர், முன்னோக்கிய வேகமும் அதுவே. நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் வேகம் குறைவதால், பந்து 1.44 நொடி ஏறும். அதே நேரம் இறங்கும். ஆக 2.88 நொடி. அதை 14.1-ஆல் பெருக்கினால் சுமார் 41 மீட்டர். இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் துப்பாக்கிக் குண்டுக்கு இது பொருந்துமா? ஏட்டை நம்பாது சோதித்துப் பார்த்தார் ராபின்ஸ். கனமான பலகை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மீது சுட்டார். குண்டு தைத்ததும் பலகை பின்னோக்கி ஆடிற்று. ஆடிய அளவை, அதன் அடியிற் கட்டிய ஒரு ரிப்பன் நாடா காட்டிற்று! ஜவுளிக்கடையில் நாம் அன்றாடம் அளக்கும் அதே நாடாதான். பலகையின் எடை, குண்டின் எடை, நாடாவின் நீளம் இவற்றைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். அது நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி.

அவ்வேகத்தில் 45 பாகைச் சரிவில் சுட்டால், கலிலியோவின் கணக்குப்படி குண்டு 17 மைல் செல்லவேண்டும். உண்மையிலோ அரை மைல்கூடச் செல்லவில்லை! காரணம் காற்று. அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் ஊசலைச் சுட்டு, வழியிற் குறைந்த வேகத்தை ஒப்பிட்டு, காற்றின் எதிர்ப்பு குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது என்று காட்டினார். காற்றின் எதிர்ப்பு அற்பம் என்று தள்ளிய அறிஞர்கள் திகைத்தனர். 1742-இல் வெளிவந்த அவரது பீரங்கி நூலை, மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸைச் சேர்ந்தது.

இத்தகையவரைக் கும்பெனி விட்டுவைக்குமா? சென்னைக் கோட்டையை 1746-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்திருந்தனர். கோட்டைகளைச் செப்பனிட, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்திற்று கும்பெனி. 1750-இல் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் காய்ச்சல் கண்டது. எழுந்து, மீண்டும் கோட்டைகளுக்கு வரைபடம் தீட்டினார். ஆயினும் 1751 ஜூலை 29-இல் அங்கேயே காலமானார். 1758-இல் பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையையும் பிடித்து இடித்துவிட்டனர்.

அன்னாரின் அறிவு நம் கரையைப் பிடித்தடக்கிய கும்பெனிக்கே ஊழியம் செய்தது. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் அந்த அறிவு யாருக்கும் பூட்டி வைக்கப்பட்ட சொத்தன்று. கற்றவன் கையில் அது கருவி. கல்லாதவனுக்கோ, குண்டு விழுந்த பிறகுதான் தன் எல்லை தெரியவரும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைத் திருக்குர்ஆன் நமக்குக் கடமையாக்கியிருக்கிறது. அளந்து பார்க்காமல் எதையும் ஏற்காத குணமும் அந்நேர்மையின் கிளையே அன்றோ?

ஆகவே பெற்றோர்களே! மாலையில் கடைக்கு வரும் பிள்ளை கல்லாவின் ஓரத்தில் பௌதிகப் புத்தகத்தை விரித்தால், சரக்கு எடுத்துவைக்கக் கூப்பிடாதீர்கள். காற்றுத் தடையைப் புறக்கணிக்க என்று கணக்கின் கீழ் எழுதியிருக்கும். அந்தத் தடையை அளந்தவர் நம் ஊர்க் கரையிலேதான் மறைந்தார் என்று அவனுக்குச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.