ரெண்டு காதுக்கு ரெண்டு பெட்டி

ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா மக்களே? ஸ்காலர்ஷிப் காசோ, இன்டர்ன்ஷிப் காசோ, ஒரு எட்டாயிரம் பத்தாயிரம் கையில இருக்கா? கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மனுஷனோட கதையைக் கேட்டுட்டுப் போங்க. நான் கேக்காமப் போய் மாட்டிக்கிட்டவன்.

எங்க ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போற வழியில, சுண்ணாம்புக்கல் லாரியும் கருவேலங்காடுமா இருக்கும். எங்களுக்குப் பாட்டுன்னாலே திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் கட்டுற குழாய் ஸ்பீக்கர்தான். வேப்பமரத்துல ஒண்ணு, கம்பத்துல ஒண்ணு, எல்லாத்துலயும் ஒரே சத்தம். அந்தப் பழக்கத்துல, வீட்டுக்கு ஒரு ஆம்ப் அசெம்பிள் பண்ணப் போனப்போ, சத்தம் கூட வேணும்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட நான்தான் அடம்பிடிச்சேன். அவரும் கேட்டபடியே 4440 ஐசியை பிரிட்ஜா மாத்திக் குடுத்தார். அந்த ஐசி ஸ்டீரியோவா ஓடினா பக்கத்துக்கு 6 வாட். பிரிட்ஜ் பண்ணினா 19 வாட், ஆனா ஒரே சேனல். வீட்டுல பாத்திரமெல்லாம் அதிர்ந்துச்சு. ஆனா ஹெட்போன்ல இடப்பக்கம் கிட்டார், வலப்பக்கம் வயலின்னு தனித்தனியா கேட்ட இளையராஜா பாட்டு, ஒரே குவியலா வந்து விழுந்துச்சு.

அன்னிக்கு நான் 13 வாட்டுக்காக வித்துட்டு வந்த பொருளைக் கண்டுபிடிச்சவர் பேர் ஆலன் டவர் ப்ளம்லைன்.

லண்டனில் 1903 ஜூன் 29-ல் பிறந்தார். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய சுரங்கப் பொறியாளர். ஏழு வயசுல வீட்டு காலிங் பெல்லை ரிப்பேர் பண்ணிட்டு, எலக்ட்ரிகல் இன்ஜினியர்னு கையெழுத்துப் போட்டு அப்பாவுக்கே பில் குடுத்தாராம். அதே பையனுக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும் சரியா வாசிக்க வரலைன்னும் சொல்றாங்க. (அரியர் வெச்சிருக்கிறவங்க இந்த வரியை அம்மாகிட்ட காட்டலாம்.) 1923-ல் முதல் வகுப்பில் பட்டம் வாங்கினார். முதல் வேலை தொலைபேசிக் கம்பெனியில. தொலைதூரக் கேபிள்களில் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தர் லைனில் கசியாமல் தடுக்கிறது எப்படின்னு பார்த்தார்.

1929-ல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். அப்போ ஒவ்வொரு தட்டுக்கும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட ரிக்கார்டிங் முறைக்கு ராயல்டி கட்ட வேண்டியிருந்தது. அவங்க காப்புரிமையைத் தொடாமல் ஒரு புது முறை வேணும், இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பட்ஜெட் பிரச்சினைங்க, நம்மளது மாதிரியே. தட்டில் பள்ளம் வெட்டுற கருவியையே புதுசா வடிவமைச்சு அதை முடிச்சார். 1931-ல் கொலம்பியாவும், நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளின் கிராமபோன் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது.

அந்த வருஷம் பேசும்படம் பார்க்கப் போனார். கூட வந்தவர் டோரீன், பின்னாளில் அவர் மனைவி. திரையில் நடிகர் ஒரு ஓரத்துல நிக்கிறார், குரல் இன்னொரு இடத்துல இருந்து வருது. மத்தவங்க கதையைப் பார்த்தாங்க, இவருக்கு இதுதான் உறுத்துச்சு. ஆள் நடக்கிற பக்கமே குரலையும் நடக்கவிட ஒரு வழி இருக்குன்னு டோரீன்கிட்ட சொன்னாராம்.

அந்த வழி என்னன்னு பார்க்க, எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல கண்ணை மூடி நில்லுங்க. லாரி எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்ல? இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு முதல்ல வருது, வலது காதுக்குக் கொஞ்சம் தாமதமா வருது. ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் குறைவான அந்த வித்தியாசத்தையும், சத்த அளவுல வர்ற வித்தியாசத்தையும் வெச்சு மூளை இடத்தைச் சொல்லிடுது. ரெண்டு மைக், ரெண்டு ஸ்பீக்கர் வெச்சே இதை ஏமாத்தலாம்னு ப்ளம்லைன் கணக்குப் போட்டார். பெட்டியே இல்லாத நடு இடத்துல பாடகரை நிக்க வைக்கலாம்! 1931 டிசம்பர் 14-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம். ஒரே பள்ளத்தோட ரெண்டு சுவரில் ரெண்டு சேனலையும் வெட்டுற முறை வரைக்கும் அதில் இருந்தது. அப்போ அவர் வயசு 28. கிட்டத்தட்ட நம்ம சீனியர்.

1934 ஜனவரியில் அபே ரோடு ஸ்டுடியோவில், தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் சிம்பொனியை இந்த முறையில் பதிவு செய்தார். 1935-ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போவதைப் படம் பிடித்தார்கள். ரயிலோட சத்தமும் திரையில் சேர்ந்தே ஓடிச்சு. ஆனா கம்பெனியோட கவனம் டெலிவிஷனுக்குத் திரும்பிடுச்சு, ஸ்டீரியோ அலமாரிக்குள்ள போச்சு. இவரும் டெலிவிஷன் பக்கம் போனார். ஈ.சி.இ. ஆளுங்க செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ற டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயரோட மூல வடிவத்தை 1936-ல் காப்புரிமை செய்ததும் இவர்தான். மொத்தம் 128 காப்புரிமைகள்.

போர் வந்ததும் ரேடார் வேலை. 1942 ஜூன் 7-ல் எச்2எஸ் ரேடாரைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் ஏறினார். இன்ஜினில் ஒரு நட்டு சரியா இறுக்கப்படலை. தீப்பிடித்து விமானம் விழுந்தது. பதினோரு பேரும் இறந்தார்கள். வயது 38. ரேடார் ரகசியம் என்பதால் அந்த மரணமும் அப்போ வெளியே சொல்லப்படவில்லை. ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் கடைக்கு வந்தது 1958 வாக்கில். அவர் அதைப் பார்க்கலை.

சரி, இப்ப உங்க பத்தாயிரம். பி.எம்.பி.ஓ.ன்னு ஆயிரக்கணக்குல எழுதியிருந்தா அந்தப் பக்கமே திரும்பாதீங்க, ஆர்.எம்.எஸ். வாட் என்னன்னு கேளுங்க. ஒரு ஹாஸ்டல் ரூமுக்குப் பக்கத்துக்கு 15, 20 வாட்டே தாராளம். சப்-ஊஃபருக்குப் போற காசை, ஊஃபரும் ட்வீட்டரும் உள்ள நல்ல ரெண்டு பெட்டிக்குப் போடுங்க. செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டையும் பீரோ மேல அடுக்காம, காது உயரத்துல பிரிச்சு வைங்க. பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு தூரமோ, உங்களுக்கும் பெட்டிக்கும் அவ்வளவு தூரம்.

நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணைப் போட்டுக் கண்ணை மூடுங்க. பாடுற குரல் நடுவுல நிக்கணும். நிக்காம ரூம் முழுக்கக் கரைஞ்சு போனா, கடைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி பெட்டிக்குப் பின்னாடி பாருங்க. ஏதோ ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கும்.