சடகோ சசாகி

ஜப்பான் தேசத்துச் சிறுமி சடகோ சசாகியின் பெயரை நம் வாசகர்களில் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் நோய் தீரும் என்று நம்பி, 644 கொக்குகள் மடித்த அளவில் அவள் உயிர் நீத்தாள் என்பதே உலகெங்கும் வழங்கும் கதை. 1977இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கதைநூலின் வழியே அது பரவியது. அவளுடைய அண்ணனாரும் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தாரும் கூறும் வரலாறு வேறு. அதனையே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சடகோ 1943 ஜனவரி 7ஆம் நாள் பிறந்தாள். தந்தையார் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை அணுகுண்டு வீழ்ந்தபோது, குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வீட்டினின்றும் அக்குழந்தை வெளியே தூக்கி எறியப்பட்டது. மேனியில் காயமில்லை. தாயார் பிள்ளைகளுடன் ஆற்றை நோக்கி ஓடினார். வழியில் கரிய மழை அவர்கள்மேல் பெய்தது. பாட்டியாரை அன்று அக்குடும்பம் இழந்தது.

பின்பு ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையும் தோன்றவில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் அவள் பெயர் பெற்றாள். தன் வகுப்பின் தொடர் ஓட்ட அணியிலும் இடம்பெற்றாள். 1954 நவம்பரில் கழுத்திலும் காதின் பின்புறத்திலும் வீக்கம் கண்டது. அடுத்த மாதங்களில் கால்களில் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றின. 1955 பிப்ரவரி 21ஆம் நாள் ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் அவள் சேர்க்கப்பட்டாள். நோய் இரத்தப் புற்று. கூடிப்போனால் ஓராண்டு என்பது மருத்துவர் தந்தையாரிடம் கூறிய செய்தி. கதிர்வீச்சுக்கு ஆளான பிள்ளைகளிடையே சில ஆண்டுகள் கழித்தே இந்நோய் தலைகாட்டியது.

நோயின் பெயரைப் பெற்றோர் மகளிடம் மறைத்தனர். மகளோ தான் அறிந்ததைப் பெற்றோரிடம் மறைத்தாள். தன் இரத்தச் சோதனையின் எண்களை அவள் ஒரு தாளில் எழுதி ஒளித்து வைத்திருந்தது அவள் மறைவிற்குப் பின்னரே தெரிந்தது. பொருள் நெருக்கடிக்கு இடையிலும் தாயார் செர்ரிப்பூ வேலைப்பாடுள்ள கிமோனோ ஒன்றைத் தைத்து அவளுக்கு உடுத்தினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நகோயா நகரத்து மாணவர்கள் நோயாளிகளுக்கெனக் காகிதக் கொக்குகள் அனுப்பினர். கொக்கு என்று நாம் எழுதினும், அது நம் குளக்கரைக் கொக்கன்று. செந்நிற உச்சியுடைய நெடிய பறவை. ஆயிரம் ஆண்டு வாழ்வது என்பது அந்நாட்டார் வழக்கு. ஒரே தாளைக் கத்தரித்து, ஒன்றோடொன்று இணைந்த கொக்குகளாக மடிக்கும் 49 வகைகளைக் காட்டும் நூலொன்று 1797இல் கியோட்டோவில் அச்சாயிற்று. அவ்வகைகளை வகுத்தவர் கிதோ என்னும் பௌத்தத் துறவி. ஜப்பானுக்குக் காகிதம் செய்யும் தொழிலைக் கொண்டுவந்தவராக 610ஆம் ஆண்டுக் குறிப்பில் பெயர் காணப்படுபவரும் கொரியாவிலிருந்து வந்த பிக்கு ஒருவரே.

சடகோ மடிக்கத் தொடங்கினாள். நல்ல தாள் வாங்க வழியில்லை. மருந்துப் பொடி கட்டிவந்த தாள், மிட்டாய் சுற்றிய தாள், பிற நோயாளிகளுக்கு வந்த பரிசுகளின் மேலுறை ஆகியவற்றை அறைதோறும் கேட்டு வாங்கினாள். அவள் மடித்தவற்றுள் பல ஊசிமுனை கொண்டு மடித்த மிகச் சிறியவை. அம்மாதம் முடிவதற்குள் ஆயிரம் நிறைவுற்றது. நோய் தணியவில்லை. அவள் மீண்டும் தொடங்கினாள்.

புத்தர் பெருமான் காட்டிய நெறியில் நிற்கும் நாம், நேர்த்திக்கடனால் நோய் தீரும் என்று கொள்வதில்லை. ஆதலின் இக்கதையைக் கேட்டு நம்மில் சிலர்க்குத் தயக்கம் தோன்றலாம். நமக்கும் முன்பு தோன்றியதுண்டு. ஆனால் 644 என்ற கதை, எஞ்சிய 356ஐயும் மடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணத்துக்கு இடந்தருகிறது. உண்மையில் அவள் ஆயிரத்தையும் முடித்தாள். பயன் இல்லை என்று கண்டாள். கண்ட பின்னும் மடித்தாள். வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத் தன் கையால் குறித்துவைத்த பெண் ஏமாந்திருந்தாள் என்று நாம் எழுதத் துணியோம்.

1955 அக்டோபர் 25ஆம் நாள் காலை, குடும்பத்தார் சூழ்ந்திருக்க, தேநீர் ஊற்றிய சோறு சிறிது உண்டபின் அவள் கண்மூடினாள். வயது 12. கொக்குகளில் பல அவளோடு பேழையில் வைக்கப்பட்டன. சில தோழியர்க்குப் போயின. வீட்டில் தங்கியவை மிகச் சில. அவற்றுள் ஒன்றை உடன்பிறந்தோர் 2007இல் நியூயார்க் நகருக்கு, இடிந்த இரட்டைக் கோபுரங்களின் நினைவகத்துக்கு வழங்கினர்.

உடன் பயின்ற மாணவர்கள் நிதி திரட்டப் புறப்பட்டனர். ஜப்பானில் 3,000க்கு மேற்பட்ட பள்ளிகளும், 9 வெளிநாடுகளும் உதவின. 1958 மே 5ஆம் நாள் சிறுவர் அமைதி நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. உச்சியில் கொக்கை ஏந்திய சிறுமியின் உருவம் நிற்கிறது. அதனுள் முதலில் தொங்கிய மணியை அளித்தவர், அணுவின் உட்கருவை ஆராய்ந்து 1949இல் நோபல் பரிசு பெற்ற ஹிடெக்கி யுகாவா என்பது நம் உள்ளத்தை நிறுத்திய செய்தி.

அச்சின்னத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி காகிதக் கொக்குகள் வந்து சேர்கின்றன. எடை சுமார் 10 டன். 2003 ஆகஸ்டில் ஒருவர் தீயிட, ஏறத்தாழ 1,40,000 கொக்குகள் எரிந்தன; நாட்டின் பல பகுதிகளினின்றும் புதியவை மடித்து அனுப்பப்பட்டன. சில காலம் நகராட்சி அனைத்தையும் கிடங்கில் சேர்த்துவைத்தது. பிறர் அன்பால் தந்ததைக் குப்பையாக்க மனம் வராது. வைக்கவோ இடம் போதாது. 2012 முதல், கேட்போர்க்கு அவற்றை வழங்கி மறுபயனுக்குக் கொண்டுவரும் வழியை அது மேற்கொண்டது.

இதற்கு அந்நாட்டில் பழைய முன்மாதிரி உண்டு. 9ஆம் நூற்றாண்டில் செய்வா மன்னர் மறைந்தபின், அவர் தேவியருள் ஒருவரான தாமிகோ, மன்னர் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் கூழாக்கித் தாள் செய்வித்து, அத்தாளில் சத்தர்ம புண்டரீக சூத்திரத்தைப் படியெடுக்கச் செய்தார்.

இன்றைய கொக்குகளின் நூலைக் கையால் உருவி, கம்பியையும் மணிகளையும் பொன்வெள்ளிப் பூச்சுத் தாளையும் பிரித்தெடுக்க வேண்டும். ஹிரோஷிமாவில் உடற்குறையும் மனக்குறையும் உடையோர் பணிபுரியும் நிலையங்கள் சிலவற்றில் இவ்வேலை நடைபெறுகிறது. பிரித்த தாள் ஆலைக்குச் சென்று, அஞ்சலட்டையாகவும் குறிப்பேடாகவும் விசிறியாகவும் திரும்புகிறது. பல நிறங்கள் ஒன்றாகக் கூழானமையால், உற்று நோக்குவார்க்கு அத்தாளின் வெண்மையில் சிவப்பும் நீலமும் பச்சையுமான சிறு துகள்கள் தென்படும்.