அமிர்தாஞ்சன் குப்பியிலிருந்து ஆந்திர பத்திரிகா வரை: நாகேஸ்வர ராவ் பந்துலுவின் வாழ்க்கை

திருப்பதி: அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறும் பாதையில் 3,500-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. உச்சியை நெருங்கும் செங்குத்தான படிகளுக்குத் தெலுங்கில் முழங்காலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அமர்ந்துவிடும் பக்தர்களின் பைகளில் துண்டு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றோடு மஞ்சள் நிறத் தைலக் குப்பி ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். நூற்றாண்டைக் கடந்தும் அந்தத் தைலத்தின் பெயர் மாறவில்லை. அதை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத்தான் பலர் மறந்துவிட்டனர். சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வோரிலும், அவர் யார் என்று அறிந்தவர்கள் சிலராகவே இருப்பார்கள்.

அவர் மருத்துவரும் அல்லர்; பரம்பரை வணிகரும் அல்லர். இன்றைய கிருஷ்ணா மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊரிலும் மசூலிப்பட்டினத்திலும் பள்ளிக் கல்வி பயின்றபின் சென்னைக்கு வந்து, கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1891-இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞருக்குமுன் இரண்டு வழிகள் தெளிவாகத் திறந்திருந்தன: ஒன்று அரசுப் பணி, மற்றொன்று சட்டம். இரண்டிலும் சம்பளமும் மதிப்பும் உறுதி. மாணவப் பருவத்திலேயே சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்தின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டிருந்த நாகேஸ்வர ராவ் அவ்விரு வழிகளையும் விட்டு, சென்னையில் சிறிய அளவில் தொழில் தொடங்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை.

சாதனையாளர்களின் வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடப்படும் காலம் இதன்பின் வருகிறது. முதல் முயற்சி நிலைக்காத நிலையில் அவர் ஊர் திரும்பவில்லை. மீண்டும் கடன் வாங்கி அதே தொழிலைத் தொடரவுமில்லை. கல்கத்தாவுக்குச் சென்று ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மருந்துகளைத் தயாரிக்கும் அடிப்படை முறைகளை அங்குதான் கற்றார். பின்னர் பம்பாய்க்குச் சென்று வில்லியம் அண்டு கம்பெனி என்னும் நிறுவனத்தில் பணியாற்றினார். உழைப்பால் அங்கு பொறுப்பான நிலைக்கு உயர்ந்தார். முதலாளியாகத் தொடங்கியவர் பிறரிடம் ஊழியராக நின்று தொழில் கற்றார் என்பதே இந்த ஆண்டுகளின் சாரம். தன்னம்பிக்கை ஒன்றே போதும் என்று கூறும் உரைகளில் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை.

தாமே தயாரித்த வலிநிவாரணத் தைலத்தை 1893-இல் பம்பாயில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமிர்தம், அஞ்சனம் என்னும் இரு சொற்களும் இணைந்த பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. குசராத்தியரோ மராத்தியரோ தெலுங்கரோ தமிழரோ, யார் கேட்டாலும் பொருள் விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடிய பெயர் அது. பல மொழிகள் பேசும் மக்கள் கூடி வாழ்ந்த பம்பாயில் இது சிறிய வசதியன்று. கற்பூரமும் புதினாச் சத்தும் போன்ற, நம் வீடுகளுக்குப் பழக்கமான மணங்கள் அதில் இருந்தன. மஞ்சள் நிறமும் தனித்துத் தெரிந்தது. ஆயினும் பெயரும் நிறமும் மட்டுமே ஒரு குப்பியை விற்றுவிடா. தலைவலிக்குப் பாட்டி வைத்தியமும் பற்றும் கையில் இருக்கும்போது, அறிமுகமில்லாத ஒருவரின் தைலத்துக்குக் காசு கொடுக்க யார் முன்வருவார்?

இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையே தொழிலின் போக்கை மாற்றியது. இசைக் கச்சேரிகள் நடைபெறும் இடங்களுக்குத் தைலத்தை எடுத்துச்சென்று, வந்திருந்தவர்களுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கச்சேரி என்பது மணிக்கணக்கில் நீளக்கூடியது. நெருக்கமாக அமர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு வரை கேட்டவருக்குத் தலையிலோ கழுத்திலோ வலி இருக்கவே செய்யும். தைலத்தின் பயனைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நெற்றியில் தடவிய சில நிமிடங்களில் குளிர்ச்சியும் எரிச்சலும் சேர்ந்து உணரப்படும். பக்கத்தில் இருப்பவரின் மூக்கையும் அந்த மணம் எட்டும். கச்சேரிக்கு வருவோர் கையில் சிறிது பணம் உள்ளவர்கள். மறுநாள் கடைக்குச் சென்று பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவர்கள். பண்டத்தை இலவசமாகக் கொடுக்க எவராலும் முடியும். வலி எங்கே கூடியிருக்கிறது என்று பார்த்துக் கொடுத்ததுதான் அவரைப் பிற தைல வணிகரிடமிருந்து பிரித்தது. இது செய்தியாளரின் கருத்து மட்டுமே; ஆயினும் அவரது பிற்கால முடிவுகளும் இதே கண்ணோட்டத்தைக் காட்டுகின்றன.

சில ஆண்டுகளில் தைலம் பம்பாயைக் கடந்து நாடெங்கும் பரவியது. அவர் செல்வந்தரானார். அத்துடன் நின்றிருந்தால், வெற்றி பெற்ற மருந்து வணிகர் ஒருவரின் வரலாறாக இது முடிந்திருக்கும்.

1907-ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரும் சென்றிருந்தார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிப் பிரிந்த மாநாடு அது. நாட்டில் நடப்பதைத் தெலுங்கு மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச்சொல்ல வலுவான ஏடு வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது. மறு ஆண்டே, 1908-இல், பம்பாயிலிருந்து ஆந்திர பத்திரிகா வார இதழைத் தொடங்கினார்.

அந்த ஆண்டைத் தமிழ் வாசகர்கள் வேறொரு காரணத்தால் அறிவார்கள். சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய வ.உ.சிதம்பரனார் 1908 மார்ச்சில் கைதாகி, ஜூலையில் கடுந்தண்டனை பெற்றார். அதே ஜூலையில், அதே பம்பாய் நகரில், பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகருக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஏடுகளை ஒடுக்கும் புதிய சட்டமும் அவ்வாண்டே வந்தது. தொழிலில் பணம் சேர்த்த ஒருவர் பத்திரிகை அலுவலகத்தின் பக்கமே போகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. அச்சகம் பறிமுதலானால் முதல் போகும். வழக்கு வந்தால் தைலத் தொழிலும் ஆட்டம் காணும். வ.உ.சி. பெருமுதலைத் திரட்டிக் கப்பல் வாங்கி ஆங்கிலேய நிறுவனத்தை நேருக்கு நேர் எதிர்த்தார். அவர் சிறை சென்றதும் சங்கமும் சரிந்தது. நாகேஸ்வர ராவின் வழி வேறு. எவரும் போட்டியாகக் கருதாத சிறு குப்பியில் கிடைத்த இலாபத்தை அவர் எழுத்தில் இட்டார். இரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. ஒன்றின் இழப்பை மற்றொன்று தாங்குமாறு அவர் அமைத்துக்கொண்டார் என்பதே குறிப்பிடத்தக்கது.

1914-இல் பத்திரிகையைச் சென்னைக்குக் கொண்டுவந்து, ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் நாளிதழாக்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில் தெலுங்கு மாவட்டங்கள் அனைத்துக்கும் தலைநகர் சென்னையே. சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இங்குதான் இருந்தன. செய்தி பிறக்கும் இடத்தில் ஏடு இருக்க வேண்டும் என்பதே கணக்கு. நாளிதழ் தொடங்கிய நான்கே மாதங்களில் ஐரோப்பாவில் உலகப் போர் மூண்டது. போர்ச் செய்திகளுக்காக மக்கள் நாள்தோறும் ஏட்டை எதிர்நோக்கினர். யுகாதி தோறும் அவர் வெளியிட்ட சிறப்பு மலர்கள், இலக்கியமும் ஓவியமும் நிறைந்தவையாகப் பெயர் பெற்றன. 1924-இல் பாரதி என்னும் இலக்கிய மாத இதழையும், 1926-இல் ஆந்திர கிரந்தமாலா என்னும் நூல் வரிசையையும் தொடங்கினார். கொமர்ராஜு லட்சுமண ராவின் மறைவால் நின்றுபோயிருந்த தெலுங்குக் கலைக்களஞ்சியப் பணிக்கு மீண்டும் உயிர் கொடுத்தவரும் அவரே. இவற்றில் எதுவும் இலாபம் தரும் வேலையன்று. நூலகங்களுக்கும் மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அவர் வழங்கிய பொருளுதவி தனி. விசுவதாதா என்றும் தேசோத்தாரகர் என்றும் ஆந்திர மக்கள் அவரை அழைத்தனர்.

இங்கு ஒரு நெருடலான கேள்வி எழுகிறது. இவ்வளவு கொடுத்த ஒருவரின் தொழில் எப்படித் தப்பிப் பிழைத்தது? கொடைக்கும் கடைக்கும் இடையே கோடு இல்லாமல் முடிந்துபோன வணிகக் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். காங்கிரஸ் பணி அவரது நேரத்தையும் எடுத்துக்கொண்டது. 1924-க்கும் 1934-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆந்திர மாகாணக் காங்கிரசின் தலைவராக நான்கு முறை இருந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறையும் சென்றார். முதலாளி சிறையில் இருக்கும்போதும் தைலம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஒரே பண்டம், ஒரே பெயர், ஒரே நிறம் என்று ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்ததால், அவர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை குறைந்தது எனலாம். 1936-இல், தமது 69-ஆம் வயதில், தொழிலைப் பொது வரம்புறு நிறுவனமாகப் பதிவு செய்தார். தமது கைப்பிடியிலிருந்து தொழிலைப் பிரித்து, தம் காலத்துக்குப் பின்னும் நிற்குமாறு செய்த ஏற்பாடாகவே அதைக் கொள்ள வேண்டும். ஆந்திரப் பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டு கலாப்பிரபூர்ண பட்டம் அளித்து அவரைச் சிறப்பித்திருந்தது.

அவரது வாழ்வின் கடைசிப் பெரும் பணி சித்தூர், திருப்பதிப் பகுதிகளை நேரடியாகத் தொடுவது. தெலுங்கு பேசும் மாவட்டங்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, சித்தூர், கடப்பை, அனந்தப்பூர், கர்னூல் ஆகிய ராயலசீமைப் பகுதிகளில் அச்சமும் உடன் வளர்ந்தது. கிருஷ்ணா, கோதாவரிப் பாசனத்தால் செழித்த கடலோர மாவட்டங்கள், மழையை நம்பிய வறண்ட மாவட்டங்களை விழுங்கிவிடும் என்பதே அந்த அச்சம். ஆந்திரப் பல்கலைக்கழகம் தொலைவில் உள்ள வால்டேரில் அமைந்ததும் மனக்குறையை மிகுவித்தது. சித்தூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி என்ற சிக்கலும் கூடுதலாக இருந்தது.

1937 நவம்பர் 16-ஆம் நாள் இரு தரப்புத் தலைவர்களும் மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவின் ஸ்ரீபாக் இல்லத்தில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வீட்டின் பெயராலேயே அது ஸ்ரீபாக் உடன்படிக்கை என்று வரலாற்றில் நிலைத்தது. கிருஷ்ணா, துங்கபத்திரை, பெண்ணை ஆற்று நீர்ப் பாசனத்தில் ராயலசீமைக்கு முன்னுரிமை, சட்டமன்ற இடங்களில் நியாயமான பங்கு, தலைநகரும் உயர்நீதிமன்றமும் ஒரே இடத்தில் குவியாமல் இரு பகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுதல், அவற்றில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ராயலசீமைக்கே என்பன அதன் முக்கியக் கூறுகள். நாகேஸ்வர ராவ் கடலோர மாவட்டத்துக்காரர். அவரது வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேச ராயலசீமைத் தலைவர்கள் இசைந்தது, முப்பது ஆண்டுகளாக எல்லா மாவட்டங்களுக்கும் சென்ற ஏட்டின்மேல் இருந்த நம்பிக்கையைக் காட்டுவதாகக் கருதலாம்.

உடன்படிக்கை கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் நிறையும் முன்பே, 1938 ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் காலமானார். அவரது மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் பத்திரிகையையும் தைல நிறுவனத்தையும் ஏற்று நடத்தினார். ஆந்திர பத்திரிகா அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்து பின்னர் நின்றது. ஏட்டைத் தாங்கிய தைலம் இன்றும் விற்பனையில் உள்ளது.

தனி ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1-ஆம் நாள் உருவானபோது, ராயலசீமையைச் சேர்ந்த கர்னூல் அதன் தலைநகரானது. உயர்நீதிமன்றம் கடலோரத்தின் குண்டூருக்குச் சென்றது. மூன்றே ஆண்டுகளில் ஐதராபாத் தலைநகரானபின் ஸ்ரீபாக் கூடத்தில் ஒப்புக்கொண்ட பகிர்வு குலைந்தது. ராயலசீமை அரசியல்வாதிகள் அந்த உடன்படிக்கையை இன்றும் மேடைகளில் நினைவூட்டி வருகின்றனர். இதற்கிடையே, 1954-இல், திருமலை அடிவாரத்தில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. சித்தூர் மாவட்ட மாணவர்களுக்கு உள்ளூரிலேயே பல்கலைக்கழகக் கல்வி பெற அதன்பின் வழி ஏற்பட்டது.