பால் ராப்சன்

பால் ராப்சன் (ஏப்ரல் 9, 1898 - ஜனவரி 23, 1976) அமெரிக்காவைச் சேர்ந்த பாடகரும் நடிகரும் விளையாட்டு வீரரும் அரசியல் செயற்பாட்டாளரும் ஆவார். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகவும் குடியேற்றவாதத்திற்கு எதிராகவும் குரல் கொடுத்தவர். இதன் விளைவாக 1950 முதல் 1958 வரை அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்க அரசு முடக்கி வைத்திருந்தது.

இளமையும் விளையாட்டும்

ராப்சன் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்து, பதின்ம வயதில் தப்பிவந்து, கல்வி கற்றுப் போதகரானவர். தாய் மரியா லூயிசா 1904 இல் வீட்டில் தீக்காயமுற்று இறந்தார்.

1915 இல் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற மூன்றாவது கறுப்பின மாணவர் இவர். அமெரிக்கக் காற்பந்து அணிக்கான தேர்வின்போது வெள்ளையின மாணவர்கள் தாக்கியதில் அவருடைய மூக்கு உடைந்தது. எனினும் மீண்டும் களத்திற்கு வந்து அணியில் இடம்பிடித்தார். கூடைப்பந்து, அடிப்பந்தாட்டம், தடகளம் ஆகியவற்றிலும் கல்லூரிக்காக விளையாடினார். 1916 இல் தென்பகுதிக் கல்லூரி ஒன்று கறுப்பினத்தவருடன் ஆட மறுத்தபோது, ரட்கர்ஸ் அவரை வெளியே அமர்த்திவிட்டே ஆடியது. 1917, 1918 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களுள் ஒருவராகத் தெரிவானார்.

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். அக்காலத்தில் அக்ரன், மில்வாக்கி அணிகளில் தொழில்முறைக் காற்பந்து வீரராக விளையாடினார் (1921-1922). 1923 இல் பட்டம் பெற்றுச் சட்ட நிறுவனமொன்றில் பணியில் சேர்ந்தார். அங்கிருந்த வெள்ளையினச் செயலாளர் ஒருவர் அவர் சொல்வதை எழுத மறுக்கவே, அத்தொழிலையே கைவிட்டார்.

மேடை

1928 இல் இலண்டனில் 'ஷோ போட்' இசை நாடகத்தில் பாடி உலகப்புகழ் பெற்றார். அந்நாடகத்தின் புகழ்பெற்ற ஆற்றுப் பாடலின் அடங்கிப்போகும் வரிகளைப் பிற்காலத்தில் தாமே போராட்ட வரிகளாக மாற்றிப் பாடினார். 1943 இல் பிராட்வேயில் இவர் ஒத்தெல்லோவாக நடித்த நாடகம் 296 முறை நிகழ்த்தப்பட்டது.

அரசியல்

இலண்டனில் வாழ்ந்த காலமே அவரை அரசியலுக்கு இட்டுவந்தது எனலாம். வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுடனும் ஜவகர்லால் நேருவுடனும் நட்புக் கொண்டார். 1938 இல் எசுப்பானியா சென்று குடியரசுப் படையினருக்காகப் பாடினார்.

1949 இல் பாரிசு அமைதி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை திரித்து வெளியிடப்பட்டது. அடிப்பந்தாட்ட வீரர் ஜாக்கி ராபின்சன் நாடாளுமன்றக் குழுவின் முன் அவருக்கு மாறாகச் சாட்சியம் கூறினார். அதே ஆண்டு பீக்ஸ்கில் நகருக்கருகே அவர் பாடிய நிகழ்ச்சி முடிந்து திரும்பியோர் கல்லெறிக்கு உள்ளாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கடவுச்சீட்டு பறிக்கப்பட்டதோடு உள்நாட்டு அரங்குகளும் மூடப்பட்டன. 1952 இல் கனடா எல்லையில் சுமையுந்து ஒன்றின் மீது நின்று, எல்லைக்கு அப்பாலும் திரண்டிருந்த மக்களுக்காகப் பாடினார். 1957 இல் அத்திலாந்திக் தொலைபேசிக் கம்பிவடத்தின் வழியே வேல்சுத் தொழிலாளர்களுக்குப் பாடினார். 1956 இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது தாம் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்கு விடையளிக்க மறுத்தார். வேறொரு வழக்கில் 1958 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினாலேயே கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அவ்வாண்டு அவரது அறுபதாவது பிறந்தநாள், அமெரிக்க அரசின் அதிருப்தியையும் மீறி இந்தியாவில் கொண்டாடப்பட்டது.

சோவியத் ஒன்றியத்தின்மீது அவர் கொண்டிருந்த பற்று கடும் விமரிசனத்திற்குரியது. 1949 இல் மாஸ்கோவில் யூதக் கவிஞர் இட்சிக் பெஃபரைச் சந்தித்து அங்குள்ள அடக்குமுறையை அறிந்திருந்தும், அமெரிக்கா திரும்பியபின் அதைப் பற்றி வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. பெஃபர் 1952 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறுதிக்காலம்

உடல், மன நலம் குன்றிய நிலையில் 1963 இல் தாயகம் திரும்பிய ராப்சன், பிலடெல்பியாவில் தமக்கையின் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்து அந்நகரிலேயே காலமானார்.

பிற்காலத்தில் வெளிவந்த கல்லூரிக் காற்பந்து வரலாற்று நூலொன்று, 1918 இன் சிறந்த அணிக்குப் பத்து வீரர்களின் பெயர்களை மட்டுமே தந்தது. ஓர் அணியில் ஆடுவோர் பதினொருவர். விடுபட்ட பெயர் ராப்சனுடையது. கல்லூரிக் காற்பந்துப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 1995 இலேயே.